துட்டிக்கு மட்டும் வருகிறவர்

எங்கள் மாவட்டத்து ஆள் ஒருவர் அமைச்சராக இருந்தார். இப்போது பதவி இல்லை, ஆனால் நடையில் அது இன்னும் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கு விளம்பரம். அந்த வேலையைச் செய்து செய்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. கட்சிக்காரர்கள் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், அட்டையில் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். பாலம் கட்டியது அதில் இருக்கிறது. குடிசை வீட்டில் கஞ்சி குடித்தது படத்தோடு இருக்கிறது. எந்த வழியாக மேலே ஏறினார் என்பது மட்டும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இன்னொரு காலைப் பிடித்தவன் என் அண்ணன்.

அவர் சாவு வீடுகளில் ஏறி மேலே போனவர். எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். அங்கே போய் விசாரிப்பதற்குத் துட்டி கேட்பது என்று பெயர். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். துட்டிக்கு வராதவனைப் பேரன் காலம் வரைக்கும் நினைவு வைத்திருப்பார்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட அளவுக்கு அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு எதுவும் புரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது வண்ணார்பேட்டையில், பஸ் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்துச் சந்தில், எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, சடங்கு நோட்டீஸ், கடைகளுக்குப் பில் புத்தகம், அதோடு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. சோறு போட்டது கடைசியாகச் சொன்னதுதான். கல்யாணத்துக்கு மாதம் பார்ப்பார்கள், சாவுக்கு யார் பார்க்கிறார்கள்? ஒருவர் கண்ணை மூடிய ஒரு மணி நேரத்துக்குள் மருமகனோ மச்சினனோ, ஏதோ பழைய அட்டையிலிருந்து பிய்த்த படத்தோடு என் கடை வாசலில் வந்து நிற்பான். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

நம் ஆள் அந்தக் காலத்தில் பழைய லாரி டயர் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். கவுன்சிலர் தேர்தலில் நின்று, சொந்தத் தெருவிலேயே ஓட்டு விழாமல் தோற்றிருந்தார். என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து என் பேப்பரைப் படித்து, என் டீயைக் குடித்து, ஜனங்களுக்கு நன்றி இல்லை என்று புலம்புவது அவருக்குத் தினசரி வேலை. ஒருநாள் அப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, இறந்துபோன ஒரு வாத்தியாரின் படத்தோடு அவருடைய மகன் வந்தான். "எந்தத் தெருலே?" என்று கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். போய்விட்டார்.

வாத்தியாரின் மகள்கள் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் இவர் தலைமாட்டில் நின்றிருக்கிறார். வந்தவர்கள் யாரென்று தெரியாமலே இவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார்கள். சாயங்காலம் சட்டைத் தோளில் மூக்குச்சளிக் கறையோடு கடைக்கு வந்து, புதையல் எடுத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "ஏவே, இனிமே யாரு போனாலும் எனக்கு முதல்ல ஒரு போன் அடியும். நீரு போஸ்டர் அடிக்கது அப்புறம்."

அடித்தேன். ஒரு மனிதர் நம்மை நம்பி ஒரு வேலை சொல்கிறாரே என்ற அற்ப சந்தோஷம்தான், வேறென்ன.

என் அண்ணன் டவுண் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். ஊரில் எவர் வீட்டில் எப்படிப் பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. கடை கவுண்டரில் எல்லா ஜனங்களுக்கும் இருபது வருஷம் சேலை விரித்துக் காட்டியதில் வந்த படிப்பு அது. என் கடையில் அந்த ஆளைச் சந்தித்தான். அவர் இவனை "தம்பி" என்று தோளில் கை போட்டுக் கூப்பிட்டார். தீர்ந்தது கதை. அரை வருஷத்தில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டான். மதினி, அதாவது அண்ணன் மனைவி, அன்றிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான். ஊரார் ஜாக்கெட்டைத் தைத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

துட்டி வீடு ஒன்றுக்கொன்று எப்படி மாறும் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. எல்லா இடத்துக்கும் ஒரே மாலை, ஒரே அழுகை. மேலப்பாளையத்தில் ஒரு முஸ்லிம் வீட்டு மய்யித்துக்கு, அதாவது சாவுக்கு, ஆளுயர மலர்வளையத்தோடு இறங்கிவிட்டார். வாசலில் இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணன் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக் கார் டிக்கியில் போட்டு மூடி, தன் கைக்குட்டையை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டு, "மாலையெல்லாம் இங்க ஆகாது அண்ணாச்சி. பைய போய் ஓரமா நில்லுங்க, வாயைத் திறக்காதீங்க" என்றான். கடலோர ஊர்களில் கத்தோலிக்க வீடுகளுக்குப் போனால் கோயில் பூசை முடிகிறவரை பின்வரிசையில் இருக்க வேண்டும், எல்லோரும் முழங்கால் போடும்போது இவரும் போட வேண்டும் என்று அண்ணன்தான் பாடம் எடுத்தான். எந்த வீட்டுக்கு என்ன பூ, ரிப்பனில் என்ன எழுத்து, இறந்தவருக்கு இவர் என்ன முறை சொல்லி அழ வேண்டும், எல்லாம் அண்ணன் ஏற்பாடு. அவர் அழுவார். அழுகை மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

அந்த அழுகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார் கதவைத் திறந்து கால் தரையில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்து நிற்கும். அதுவரை உள்ளே முறுக்குத் தின்றுகொண்டு வந்திருப்பார். நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அட பாவி என்று மனசுக்குள் சொல்லியிருக்கிறேனே தவிர, அடுத்த சாவுக்கு போன் அடிக்காமல் இருந்ததில்லை.

கவுன்சிலர் ஆனார். எம்.எல்.ஏ. ஆனார். ஒருநாள் காலையில் கட்சி மாறினார். மத்தியானம் என்னிடம் வந்து, பழைய கொடியோடு அடித்து வைத்திருந்த சுவரொட்டிக் கட்டு முழுவதையும் காட்டி, பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அதில் புதுக் கொடியை அடித்துவிட முடியாதா என்று கேட்டார். கொள்கைக்காக மாறினேன் என்று மேடையில் அழுதார். அமைச்சரானார். சட்டமன்றத்தில் இவர் வாய் திறந்ததாக எனக்குத் தெரிந்து இரங்கல் தீர்மானங்களில் மட்டும்தான். அதில் நன்றாகப் பேசினார் என்கிறார்கள். பேசாமல் என்ன?

தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது என்று ஜனங்கள் மனுக் கொடுத்தார்கள். வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு ஆகாயத்தாமரைச் செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். படம் எடுத்து முடித்ததும் அதை மறுபடியும் ஆற்றிலேயே போட்டுவிட்டுக் கரையேறினார். மறுநாள் அந்தப் படத்தை ஃபிளக்ஸாக அடித்துக் கொடுத்தவன் நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அமைச்சரான பிறகு புது வழக்கம் ஒன்று வந்தது. அவர் வருகிறவரைக்கும் உடலைத் தூக்கக் கூடாது. "அண்ணாச்சி கிளம்பியாச்சு, பைய தூக்கலாம்" என்று ஒரு போன் வரும். அவ்வளவுதான், மேளக்காரன் மேளத்தைக் கீழே வைப்பான், பெண்கள் அழுது ஓய்ந்து மோர் குடிப்பார்கள், வெயில் ஏறும். வள்ளியூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை கிழவியைப் போட்டு வைத்திருந்தார்கள். மேலப்பாளையத்துக்காரர்கள் மட்டும் காத்திருக்கவில்லை. இவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். "மய்யித்து மந்திரிக்காகக் காத்திருக்காது தம்பி, மந்திரிதான் மய்யித்துக்காகக் காத்திருக்கணும்" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னார். நாகரிகமான ஊர். மற்றவர்களுக்கு அந்த ரோஷம் வரவில்லை. மந்திரியே வந்து காலில் விழுந்து கும்பிட்ட பிணம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், வெயிலில் கார் பின்னால் ஓடியதில் வந்தது என்று மதினி சொல்வாள். சர்க்கரையும் இருந்தது. இரண்டு வருஷம் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். இடது கையில் ஊசி ஏறி ஏறி நரம்பெல்லாம் கயிறு மாதிரிப் புடைத்துவிட்டது. கடைசியில் உடம்பு தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் அவர் ஒரு தடவை வரவில்லை. ஒரு தடவைகூட. ஊரில் முன்பின் தெரியாதவன் செத்தால் ஓடுகிற மனிதர், பதினெட்டு வருஷம் தன் மாலையைச் சுமந்தவன் படுத்திருக்கிறான், எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நோயாளி வீட்டுக்கு என்றைக்குமே போனதில்லை. நோயாளி வீட்டில் கூட்டம் இருக்காது. நோயாளி ஏதாவது கேட்பான். செத்தவன் ஒன்றும் கேட்க மாட்டான்.

அண்ணன் எதையும் கேட்பதாக இல்லை. "ஒரு எட்டு வந்து பாத்தா போதும்லே. வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பான். தெருவில் கார் சத்தம் கேட்டால் போதும், தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிடுவான். மதினியிடம் சொல்லி தினமும் முகம் வழித்துக்கொண்டான். அவர் வரும்போது தாடியோடு கிடக்கக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்த ஆளு வரமாட்டாரு, நீ பேசாம படு" என்று ஒருநாள் கத்திவிட்டேன். "உனக்கு அவரைத் தெரியாதுலே" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவருடைய உதவியாளனுக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன் என்று கணக்கில்லை. "சொல்லியிருக்கேன் அண்ணே", "ஐயா சென்னையில இருக்காக", "இந்த வாரம் கண்டிப்பா". நேரில் போனேன். அறைக்குள் விடவில்லை. இருபது வருஷம் இந்த ஊரில் யார் செத்தது என்று அவருக்குச் சொன்ன வாய் இது. உயிரோடு ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால் அது அந்த வீட்டில் காதில் ஏறவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அண்ணன் வீட்டுத் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ஒரு அரிசிக்கடைக்காரர் இறந்துபோனார். பத்து மணிக்குக் கார்கள் வந்தன. அவர்தான். கூட்டம் விலகுகிற சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும் அண்ணன் கட்டிலுக்கே கேட்டது. அவன் சட்டை போடச் சொன்னான். மதினி போட்டுவிட்டாள். எழுந்து உட்கார வைக்கச் சொன்னான். முதுகுக்கு மூன்று தலையணை வைத்தோம். நான் வெறிபிடித்தவன் மாதிரி ஓடிப்போய் உதவியாளனைப் பிடித்து, "தம்பி, நாலு வீடுதான். கார்ல ஏறும் முன்ன ஒரு நிமிசம் கூட்டியாருமே" என்று கெஞ்சினேன். அவன் அவர் காதில் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கார் கிளம்பிப் போய்விட்டது.

திரும்பி வந்தேன். அண்ணன் உட்கார்ந்தபடியே இருந்தான். "வாராகளா?" என்றான். நான் அவன் முதுகுத் தலையணையைச் சரிசெய்தேன். "தெரிஞ்சிருக்காதுலே. தெரிஞ்சா வராம இருப்பாகளா?" என்றவன், கொஞ்ச நேரம் கழித்து, "சட்டையைக் கழத்திருங்க, புழுங்குது" என்றான். மதினி சட்டையைக் கழற்றும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்கிற பார்வை. உண்டு.

மறுநாள் காலையில் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தேன். உதவியாளனுக்கு அல்ல, இருபது வருஷமாக நான் சாவுச் செய்தி சொல்கிற அவருடைய சொந்த எண்ணுக்கு. அந்த எண்ணை அவர் எடுக்காமல் இருந்ததே இல்லை. இரண்டாவது மணியில் எடுத்தார்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் போயிட்டான்."

சொல்லி முடித்ததும் நிஜமாகவே எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிக்கவில்லை. "அடடா... எப்பவே? ச்சே... இந்தா கிளம்பிட்டேன். தூக்கிராதீங்க" என்றார்.

அண்ணன் வீட்டுக்குப் போய் மதினியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவிருக்கா கொழுந்தனாரே உங்களுக்கு? உசுரோட இருக்கிற மனுசனை... தாலி கட்டினவ இங்கன நிக்கேன், என்ன வார்த்தை சொல்லிருக்கீக!" என்று குரலை அடக்கிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். "உங்க அண்ணாச்சி வாராகளாம்" என்றாள். அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் நாலு கார். தெருவில் இறங்கியதுமே கண்ணில் தண்ணீர். வலது கையால் துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னாலேயே உதவியாளன், போட்டோகிராபர், பத்துப் பதினைந்து கரைவேட்டிகள். நடு வீட்டில் கூட்டம் இல்லை, விளக்கு இல்லை, அழுகிற பெண்கள் இல்லை. அப்போதாவது ஆளுக்குச் சந்தேகம் வர வேண்டுமே? வரவில்லை. பழக்கதோஷம். கட்டிலுக்கு இரண்டடி தூரத்தில் வந்து, "ஏ தம்பி, என்னை விட்டுட்டுப் போயிட்டியே..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி" என்றான் அண்ணன்.

அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. கன்னத்தில் வழிந்த தண்ணீரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கரைவேட்டி ஒருவர் "ஐயோ" என்று பின்வாங்கிச் சுவரில் முட்டினார். இருபது வருஷத்தில் நான் பார்த்த ஒரே உண்மையான முகபாவம் அது. செத்தவன் உயிரோடு இருக்கிறானே என்கிற எரிச்சல்.

அண்ணன் அவருக்குப் பின்னால் உதவியாளன் கையிலிருந்த மலர்வளையத்தைப் பார்த்தான். அதில் ரிப்பன் தொங்கியது. ரிப்பனில் அண்ணன் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்கு அந்த ரிப்பனை எழுதி வாங்கியவன் அவன். அவனுக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அவன் உதவியாளனைப் பார்த்து, "ரோசாப்பூ ஏன்டே சொன்னே? வெயிலுக்கு ஒரு மணி நேரம் தாங்காது. செவ்வந்தி சொல்லணும்" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. உதவியாளன் மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். அது முதுகைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார வேண்டியதாயிற்று. அண்ணன் இரண்டு கையாலும் அவர் வலது கையைப் பிடித்தான். பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. போட்டோகிராபர் வந்த வேலையைச் செய்தான், இரண்டு மூன்று தடவை வெளிச்சம் அடித்தது. அவர் இடது கையை நீட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் "உடம்பைப் பாத்துக்கிடும்" என்று கையை உருவிக்கொண்டார். உருவுவதற்குச் சிரமப்பட்டார்.

வாசலில் என்னைத் தனியே நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "என்னவே விளையாட்டு இது? நாளைக்கே நெசமா ஒண்ணுன்னா நான் ரெண்டாந்தரம் வர முடியுமா?"

அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று நான் எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். நன்றி கெட்ட ஜென்மமே என்று ஆரம்பிக்கிற பேச்சு அது. மனப்பாடமாக இருந்தது. அந்த இடத்தில் என் வாயிலிருந்து வந்தது, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி." இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன வாழ்ந்தது? மலர்வளையத்தை அவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை. உதவியாளன் கார் பக்கத்தில் நின்று ரிப்பனைப் பிய்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பூவை டிக்கியில் ஏற்றினான். அன்று வள்ளியூரில் இன்னொரு துட்டி இருந்ததாம்.

உள்ளே போனேன். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "நீயாலே சொன்னே?" என்றான்.

"ஆமா."

"போயிட்டேன்னா?"

"ஆமா."

கண் மூடியபடியே கிடந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். "அப்ப என்னைப் பாக்க வரல" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கார் சத்தம் கேட்டால் அவன் தலையைத் தூக்கவில்லை. முகம் வழிக்க வேண்டாம் என்று மதினியிடம் சொல்லிவிட்டான். இதையா நான் அவனுக்குச் செய்து கொடுத்தேன் என்று அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் இருந்திருந்தால், 'தெரிஞ்சா வராம இருப்பாகளா' என்று நம்பிக்கொண்டாவது போயிருப்பான்.

ஐந்தாம் நாள் விடிந்த பிறகு, மதினி கொடுத்த வெந்நீரை இரண்டு மடக்குக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் யாருக்கும் போன் அடிக்கவில்லை. சுவரொட்டியை நானே வடிவமைத்து நானே அடித்தேன். அந்த மனிதர் பதவிக்கு வந்த பிறகு, என் அச்சகத்தில் அவர் படம் இல்லாமல் அடித்த முதல் கண்ணீர் அஞ்சலி அதுதான். பதினொரு மணிக்குத் தூக்குவது என்றோம், பதினொரு மணிக்குத் தூக்கினோம். யாருக்காகவும் அவன் காத்துக் கிடக்கவில்லை. ஆற்றங்கரையில் காரியம் முடித்து, முங்கிக் குளித்து, ஈர வேட்டியோடு வீடு வந்தோம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் போனைக் கொண்டுவந்து காட்டினார். அமைச்சருடைய முகநூல் பக்கத்தில் மத்தியானமே போட்டிருந்தார்கள். கழக உடன்பிறப்பின் பூதவுடலுக்கு நேரில் சென்று கண்ணீர் மல்க இறுதி அஞ்சலி செலுத்தியபோது, என்று எழுதியிருந்தது. கீழே படம். வெள்ளைச் சட்டையில் அண்ணன், கண் மூடியிருக்கிறது. பக்கத்தில் அவர், ஈரக் கண்ணோடு தலையைக் குனிந்து, இறந்தவன் நெஞ்சில் கை வைத்தபடி. அதற்கும் கீழே கும்பிடுகிற கைகளும் 'மக்கள் தலைவர்' என்கிற வாழ்த்துகளும் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. இரண்டாந்தரம் வர முடியாது என்றாரே, வர வேண்டிய அவசியமே இல்லை. முன்கூட்டியே வந்துவிட்டுப் போய்விட்டார்.

போனைச் சுவரில் எறிந்திருப்பேன், பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதால் எறியவில்லை. மதினி கையை நீட்டினாள். கொடுக்க மனசில்லாமல் கொடுத்தேன். அவள் அழவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கையைப் பாருங்க கொழுந்தனாரே" என்றாள்.

பார்த்தேன். அவர் நெஞ்சில் கை வைத்திருக்கவில்லை. அண்ணன் பிடித்து வைத்திருந்தான். இரண்டு கையின் பத்து விரலும் அவர் மணிக்கட்டை இறுக்கியிருந்தன. இடது கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அத்தனை பேர் கும்பிட்டிருந்தார்களே, ஒருத்தன் கண்ணிலாவது படவில்லை.

"உசுரோட இருக்காக" என்றாள் மதினி. "கடைசியா எடுத்த படம் இதுதான். வேற படம் கிடையாது. அந்த ஆளை வெட்டிட்டு இவுகளை மட்டும் எனக்குப் போட்டுத் தாங்க."

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் செய்து கொடுக்க வேண்டும் என்று அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இருபது வருஷமாக அந்த முகத்தைப் பெரிதாக்குவதுதான் என் தொழில். அழிப்பது அன்றுதான் முதல் தடவை. தலையை எடுத்தேன். ஈரக் கண்ணை எடுத்தேன். தோளை, துண்டை, மடிப்புக் கலையாத சட்டைக் கையை எடுத்தேன். ரொம்பச் சந்தோஷமாக எடுத்தேன் என்றே சொல்லுவேன். மணிக்கட்டு வந்ததும் நின்றுவிட்டது. அண்ணன் விரலுக்கு அடியில் அவர் கை. அதை எடுத்தால் அண்ணன் விரல்கள் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நின்றன, நெஞ்சில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. சட்டைத் துணியை வைத்து நிரப்பிப் பார்த்தேன். முகத்தில் இருக்கிற அந்த நிம்மதிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. மூன்று நாள் முட்டி மோதினேன். கடைசியில் அந்தக் கையை மட்டும் விட்டுவைத்து, அப்படியே அச்செடுத்துச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மதினி படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு கை?"

"அவருதுதான் மதினி. எவ்வளவோ பாத்தேன், எடுக்க வரல."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"உங்க அண்ணன் விட்டாத்தானே வரும்" என்றாள்.